அன்னபூரணி போய்ச் சேர்ந்த ஊர்

வல்வெட்டித்துறை

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய படங்கள் எல்லாம் வந்து சேர்ந்தன. தண்ணீரில் கால் பட்டதும் குளிர் தாங்காமல் சின்னவள் தகப்பனின் தோளில் தாவி ஏறியதைப் பார்த்து இங்கே எல்லோரும் சிரித்தோம். "ஊர்க் கடலைத்தான் காட்ட முடியவில்லை, ஏதோ ஒரு கடலையாவது அவளுக்குக் காட்டுவோம் என்று புரோசார்டிலிருந்து வெளிக்கிட்டோம், பெரியம்மா" என்று எழுதியிருந்தாய். மொன்றியலுக்குப் பக்கத்திலிருந்து நீங்கள் போனது ஏதோ ஒரு கடலுக்கு இல்லை, மகள். அமெரிக்கக் கரையில் எத்தனையோ துறைமுகங்கள் உண்டு. வல்வெட்டித்துறைக்காரர் உரிமையோடு பெயர் சொல்லக்கூடியது அவற்றில் ஒன்றே ஒன்றுதான். அது மசாச்சுசெட்ஸில் இருக்கிற குளோஸ்டர். நீ அங்கே பொரித்த மீன் வாங்கிச் சாப்பிட்டு, பிள்ளையைச் சிலைக்குப் பக்கத்தில் நிறுத்திப் படமெடுத்து, ஒன்றும் தெரியாமல் திரும்பியிருக்கிறாய். உன்னைக் குறை சொல்லவில்லை. சின்ன வயதில் ஊரை விட்டுப் போனவள் நீ. உனக்கு இதை ஆறுதலாக இருந்து சொல்ல ஆளில்லாமல் போய்விட்டது. அதனால்தான் தொலைபேசியில் கதைக்காமல் கடிதமாக எழுதுகிறேன்.

1938ஆம் ஆண்டு ஆகஸ்ட் 1ஆம் திகதி அந்தத் துறைமுகத்துக்குள் ஒரு பாய்க்கப்பல் வந்தது. அதன் முகப்பில் எழுதியிருந்த பெயர் 'புளோரன்ஸ் சி. ரொபின்சன்'. அந்தக் கப்பலை எங்கள் கரையில், எங்களூர் மேத்திரிமார் வேப்ப மரத்தால் கட்டினார்கள். அவர்கள் வைத்த பெயர் 'அன்னபூரணி'. 89 அடி நீளம், இரண்டு பாய்மரம். முன்மரத்தில் குறுக்குப் பாய்கள், பின்மரத்தில் நீளவாக்குப் பாய். வெள்ளைக்காரர் இந்த வகையைப் பிரிகன்டைன் என்பார்கள்.

வாங்கியவர் வில்லியம் அல்பேட் ரொபின்சன் என்கிற அமெரிக்கர். 1928இல் 'ஸ்வாப்' என்ற 32 அடிப் படகில் வெளிக்கிட்டு உலகத்தையே சுற்றி 1931இல் ஊர் திரும்பியவர். அவ்வளவு சின்னப் படகில் அதற்கு முன் உலகைச் சுற்றினவர் இல்லை என்று அப்போது கொண்டாடினார்கள். கடலையும் கலத்தையும் நன்றாகத் தெரிந்த அந்த மனிதர் காசு கொடுத்துத் தனக்கென்று வாங்கியது எங்கள் கப்பலை. வாங்கித் தன் மனைவியின் பெயரை அதற்கு வைத்தார்.

அந்த மனைவி யார் என்று கேட்டால் நீ திகைத்துப் போவாய். சின்னவள் மணல் வீடு கட்டினாளே, அந்தக் கடற்கரைக்குக் கிரேன் கடற்கரை என்று பெயர் எழுதியிருந்தாய். படத்தின் பின்பக்கம் குன்றின் மேல் ஒரு மாளிகை தெரிகிறது. சிக்காகோவில் குழாய்ச் சாமான் செய்து பெரும் பணக்காரரான கிரேன் குடும்பம் 1928இல் கட்டி முடித்த வீடு அது. காசில் ஹில் என்பார்கள். 59 அறைகளாம். புளோரன்ஸ் அந்த வீட்டுப் பெண். பெயரில் வருகிற 'சி' என்பது கிரேன். எங்கள் அன்னபூரணி எந்தப் பெண்ணின் பெயரைச் சுமந்து அத்திலாந்திக்கைக் கடந்ததோ, அந்தப் பெண்ணின் பிறந்த வீட்டுக்குக் கீழே இருந்துதான் உன் மகள் மணல் வீடு கட்டியிருக்கிறாள்.

கப்பலோடு எங்களூரார் ஐந்து பேர் போனார்கள். அவர்களில் தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளையின் பெயரை இன்றைக்கும் ஊரில் மரியாதையோடு சொல்கிறார்கள். செங்கடல், சுயெஸ் கால்வாய், மத்தியதரைக் கடல், ஜிப்ரால்டர், அதற்கப்பால் அத்திலாந்திக். வாடையும் சோழகமும் கச்சானும் கொண்டலும் என்று காற்றுக்கு நாங்கள் வைத்த பெயர்கள் எதுவும் செல்லாத கடல் அது. ரங்கூனுக்குக் கலம் ஓட்டிப் போன தண்டையலுக்கு எந்த மாதத்தில் எந்தக் காற்று எழும்பும் என்பது பிறந்ததிலிருந்தே தெரியும். அத்திலாந்திக்கில் அந்த அறிவு பாதிக்குத்தான் உதவும். மீதிப் பாதி பாயைப் பிடித்த கையும், கலத்தின் கட்டும்தான்.

அந்தக் கட்டைப் பற்றி நீ தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் கடலில் பெரிய துறைமுகம் கிடையாது. கரைக்கு வெளியே கல் இருக்கிறது. கலங்கள் தள்ளி நங்கூரம் போட்டு நிற்க, வத்தைகள் சாமான் ஏற்றி இறக்கின. கப்பலைக் கட்டியது வெறும் மணலில். உன் அம்மம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன்: விடியற்காலையில் கரைப் பக்கமிருந்து தச்சுச் சத்தம் கேட்கத் தொடங்கினால் பொழுது சாயும் வரை ஓயாதாம். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் பஞ்சைத் திணித்து, உளியை வைத்து அடித்து அடித்து இறுக்கிக் கலப்பற்றுப் பார்ப்பார்கள். ஒரு விரற்கடை இடம் தவறினாலும் நடுக்கடலில் தண்ணீர் கேட்டுக்கொண்டு வராது. கலப்பற்றுக்காரர் இறுக்கியபிறகு, மேத்திரியார் வந்து பெருவிரலால் அமத்திக்கொண்டே கலத்தின் ஒரு பக்கம் முழுக்க நடப்பார். பிடிக்காத இடத்தில் நிற்பார். ஒரு சொல் பேசமாட்டார். அந்த இடம் திரும்பப் பிடுங்கப்படும். கடைசியில் அடிப்பக்கமெல்லாம் சுண்ணாம்பும் எண்ணெயும் சேர்த்துப் பூசுவார்கள். அந்த மணம் அம்மம்மாவின் சேலை வரைக்கும் வரும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். எங்களூர் மேடைகளில் அன்னபூரணியைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதை ஓர் அதிசயக் கப்பலாகப் பேசுகிறார்கள். தமிழன் கட்டிய கப்பல் அமெரிக்கா போனது, கைதட்டு, முடிந்தது. எனக்கு அந்தப் பேச்சில் மனம் ஒட்டுவதில்லை. அன்னபூரணி அமெரிக்கா போகவென்று கட்டிய கப்பல் இல்லை. அரிசியும் மரமும் ஓடும் ஏற்றி இறக்கிய சாதாரண வணிகக் கலம். அதைப் போல எத்தனையோ கலங்கள் இந்தக் கரையிலிருந்து நாகபட்டினத்துக்கும் காக்கிநாடாவுக்கும் ரங்கூனுக்கும் அக்கியாப்புக்கும் போய் வந்தன. அப்படிச் சாதாரணமாகக் கட்டிய ஒன்றே உலகின் பாதியைத் தாண்டிப் போய்ச் சேர்ந்தது என்பதுதான் பெருமை. சின்னவளுக்குச் சொல்லும்போது இப்படிச் சொல்: ஓர் ஊர் முழுக்கத் தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. அதில் ஒரு கப்பல் மட்டும் தற்செயலாக உலகத்தின் கண்ணில் பட்டது.

குளோஸ்டர்க்காரருக்கு அந்த வேலை விளங்கியிருக்கும். அவர்களும் பாய்க்கப்பலில் மீன் பிடித்து வாழ்ந்தவர்கள். 1938இல் அங்கே பாய்களைச் சுருட்டிவிட்டு இயந்திரம் பூட்டத் தொடங்கியிருந்தார்கள். அந்த நேரத்தில், இயந்திரக் காலத்துக்கு முந்திய உருவத்தோடு, ஆசியாவிலிருந்து ஒரு வணிகக் கலம் உள்ளே வருகிறது. அதை நடத்துகிறவர்களில் சாரம் கட்டிய ஐந்து பேர். பொஸ்டன் பத்திரிகைகள் எழுதாமல் இருக்குமா?

நீ பிள்ளையை நிறுத்திப் படமெடுத்த சிலையைச் சொன்னேனே. ஒரு பெண், கையில் ஒரு குழந்தை, பக்கத்தில் இன்னொரு பிள்ளை, மூன்று பேரும் கடலைப் பார்த்தபடி. கடலுக்குப் போனவர்களின் மனைவிமாருக்காக 2001இல் நிறுவியது. கொஞ்சம் தள்ளி, சுக்கானைப் பிடித்தபடி நிற்கும் மீனவர் சிலை அதைவிடப் பழையது. கடலில் போன ஆயிரக்கணக்கான பெயர்களை அதைச் சுற்றிப் பொறித்து வைத்திருக்கிறார்கள். அந்த ஊரில் மாதாவுக்கு ஒரு கோயில் உண்டு. போர்த்துக்கேயர் வழிவந்த மீனவர் கும்பிடுவது. மாதா தன் இடக்கையில் ஒரு பாய்க்கப்பலைத் தாங்கி நிற்கிறாள். எங்கள் முத்துமாரி அம்மன் தீர்த்தமாட ஊறணிக் கரைக்கு வருவதையும், கப்பல் முதலாளி திருமேனியார் வேங்கடாசலம்பிள்ளை கட்டுவித்த சிவன் கோயிலையும் அறிந்தவர்கள் யாரும் அந்த மாதாவை அந்நியமாக நினைக்கமாட்டார்கள். எங்கள் பெண்களுக்குத்தான் இங்கே ஒரு சிலை இல்லை. சோழகத்தில் போனவர்களை வாடையில் எதிர்பார்த்துக் காலம் கழித்தவர்கள் அவர்கள். ஊரில் இந்தக் குறையை நான் பல பேரிடம் சொல்லிவிட்டேன். இனியும் சொல்வேன்.

பிறகு என்ன ஆயிற்று என்று கேட்பாய். 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததோடு ரங்கூன் அரிசி நின்றது. யுத்தம் முடிந்து இரண்டு கரையிலும் புதிய அரசுகள் வந்தபோது, முன்பு வீட்டுக்கு முன்னாலிருந்த கடல் சுங்கமும் அனுமதிச் சீட்டும் கேட்கிற எல்லையாகிவிட்டது. 1964 மார்கழிப் புயல் மிச்சமிருந்ததையும் அள்ளியது. அடுத்து வந்தது உனக்கே தெரியும். கடல்வலயத் தடை, ஷெல், இடப்பெயர்வு. வல்வெட்டித்துறை என்றால் உலகம் இன்றைக்கு யுத்தத்தையே நினைக்கிறது. அதை மறுக்க முடியாது. ஆனால் இந்தக் கரை அதற்கு முன்னும் இருந்தது. நீ பிறந்த காலத்தில் நாங்கள் பிள்ளைகளைக் கடற்கரைப் பக்கம் விடவே பயந்தோம். அதனால்தான் கடலுக்குப் பக்கத்தில் பிறந்தும் கடலில் கால் நனைக்காமல் வளர்ந்தாய். உன் ஏக்கம் உனக்குக் கிடைக்காமல் போன கடலின் மேல்தான், மகள். படங்களில் நீ தண்ணீருக்குள் நிற்கிற விதத்தைப் பார்த்தபோது எனக்கு அது விளங்கியது.

அன்னபூரணி போய் 48 வருடம் கழிந்து, அதே அத்திலாந்திக்கில், அதே ஆகஸ்ட் மாதத்தில் எங்கள் ஆட்கள் மறுபடி வந்தார்கள். 1986 ஆகஸ்ட் 11ஆம் திகதி, நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் மூடுபனிக்குள் இரண்டு உயிர்காப்புப் படகுகள் மிதந்தன. அவற்றில் 155 தமிழர். மேற்கு ஜெர்மனியிலிருந்து கப்பலில் ஏற்றிவந்து நடுக்கடலில் இறக்கி விட்டிருந்தார்கள். முதலில் கண்டு உதவியவர் கஸ் டால்டன் என்ற மீன்பிடிப் படகுத் தலைவர். கனடா அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. பலர் உன் மொன்றியலுக்கும் ரொறன்ரோவுக்கும் வந்து குடியேறினார்கள். முதல் தடவை தங்கள் கையால் கட்டிய கப்பலில் தலை நிமிர்ந்து போனவர்களின் இனம், இரண்டாம் தடவை சுக்கானில்லாத மனிதர்களாய்ப் போக வேண்டி வந்தது. இரண்டையும் சேர்த்தே பிள்ளைக்குச் சொல். ஒன்றை மட்டும் சொன்னால் அது வெறும் பெருமையாகவோ வெறும் அழுகையாகவோ போய்விடும்.

இந்தக் கதையைப் பிள்ளைக்குச் சொல்ல உங்களுக்குக் குளோஸ்டர் வரைக்கும் போகவும் தேவையில்லை. நான் புரோசார்டுக்கு வந்து உங்களோடு நின்ற கோடையில், உங்கள் பகுதியில் ஒரே எழுத்தில் தொடங்குகிற தெருக்களை வைத்து வழி கண்டுபிடித்து, தனியாகவே ஆற்றங்கரைக்கு நடந்து போவேன். உங்கள் புரோசார்ட் கரையை ஒட்டித்தான் 1959இல் திறந்த சென்ற் லோரன்ஸ் கடல்வழியின் கால்வாய் போகிறது. சம்ப்ளேன் பாலத்துக்குக் கீழே பெரிய சரக்குக் கப்பல்கள் மெதுவாக ஊர்ந்து போகும். அவற்றில் பல அத்திலாந்திக்கிலிருந்து உள்ளே ஏறி, பேரேரிகளுக்குப் போகிறவை. நீ வேலைக்குப் போகிற ரயிலிலிருந்து தினமும் அந்தத் தண்ணீரைத்தான் பார்க்கிறாய். அந்த ஆறு போய் விழுகிற கடலும் குளோஸ்டரின் கடலும் ஒன்றுதான். கடல் தூரத்தில் இருக்கிறது என்று நினைத்து மனம் சோராதே. சின்னவளை ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கரைக்குக் கூட்டிப்போ. கப்பல் வந்தால் எங்கிருந்து வருகிறது என்று கேட்கச் சொல்.

இனி ஒரு வேலை சொல்கிறேன். குளோஸ்டரில் கேப் ஆன் மியூசியம் என்று ஒன்று இருக்கிறது. பழைய ஆவணங்கள் வைத்திருக்கிற நூலகமும் அதோடு உண்டு. அடுத்த கோடையில் போகும்போது அங்கே கேள்: 'புளோரன்ஸ் சி. ரொபின்சன்', 1938 ஆகஸ்ட். படமோ பத்திரிகைத் துண்டோ என்ன இருந்தாலும் அனுமதி கேட்டுப் பிரதி எடுத்து அனுப்பு. யுத்தத்தில் எங்களூர் வீடுகளில் இருந்த பழைய கடதாசிகள் எவ்வளவோ எரிந்து போயின. அங்கே மிஞ்சியிருப்பது இங்கே வரவேண்டும். எங்களூர்ப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கிறமாதிரி சட்டம் போட்டு வைப்பது என் பொறுப்பு.

அதற்கு முன் ஒரு தைப்பொங்கலுக்கு மூன்று பேரும் இங்கே வாருங்கள். அன்று பின்னேரம் கடற்கரை முழுக்கப் பட்டம் ஏற்றுவார்கள், ஆளுயரத்தை விடப் பெரிய பட்டங்கள். தை மாதத் தண்ணீர் சின்னவளைக் குளிரால் அழவைக்காது. பயணச்சீட்டு எடுக்கும் முன் எனக்கு ஒரு வார்த்தை சொல், மேல் அறையை ஒதுக்கி வைக்கவேண்டும்.

அன்புடன்,
பெரியம்மா