ஆர்.எம். என்ற இரண்டு எழுத்து

தங்கை மகள் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருக்கிறாள். வளைகாப்பு முடிந்த மறுவாரம் என்னிடம் கேட்டாள்: "பெரியம்மா, திண்டுக்கல்ல மிட்வைஃப் யாராச்சும் இருக்காங்களா? முறையா படிச்சு சர்டிஃபிகேட் வாங்கினவங்க." பெங்களூரில் அவள் தோழிக்கு அப்படி ஒருவர்தான் வலி எடுத்ததிலிருந்து கூடவே இருந்து பிரசவம் பார்த்தாராம்.

நாகல் நகரில் என் மாமியாரிடம் விசாரித்தேன். அவர் பெற்ற நால்வரில் மூவர் மருத்துவச்சியின் கையில் விழுந்தவர்கள். "அவ போயி முப்பது வருஷமாச்சே" என்றார். மருந்துக்கடையில் கேட்டால் ஸ்கேன் சென்டருக்கு வழி சொன்னார்கள். ஊரில் எந்தப் பலகையிலும் அந்தப் பெயர் இல்லை.

தேடிக் களைத்து வேடசந்தூர் பக்கம் தங்கை வீட்டுக்குப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. தங்கை மகள் வந்து இறங்கிய மூன்றாம் நாளே கிராம சுகாதார செவிலியர் வீடு தேடி வந்து, அட்டையைப் பார்த்து, கர்ப்பத்தைப் பதிந்த பிக்மி எண்ணைக் குறித்துக்கொண்டு போயிருக்கிறார். எல்லோருக்கும் அவர் நர்ஸம்மா. மருத்துவச்சி என்று யாரும் நினைக்கவே இல்லை.

மறுநாள் துணை சுகாதார நிலையத்துக்கு தங்கை மகளும் நானும் போனோம். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை நிலையம் என்பது கணக்கு. இரண்டு அறை, ஒரு கட்டில், சுவர் நிறைய அட்டவணை. வரிசையில் இருந்தவர்களில் பாதிப் பேர் நூல் மில்லில் வேலை பார்த்த பெண்கள். "மில்லுக்குப் போன பிள்ளைங்களுக்கு ரத்தம் குறைச்சலா இருக்கு. மாத்திரை குடுத்தா மட்டும் பத்தாது, முழுங்குதான்னு பாக்கணும்" என்றார் நர்ஸம்மா.

எங்கள் பெண்ணைப் படுக்கவைத்தார். தன் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டார். சில்லென்ற கை பட்டால் வயிறு இறுகிவிடும், பிறகு எதுவும் பிடிபடாது என்றார். முதலில் மேல்வயிறு. "மெத்துன்னு இருக்கா? இது குண்டி." இரண்டு கையும் பக்கவாட்டில் இறங்கின. ஒரு பக்கம் பலகைபோல ஒரே சீராக இருந்தால் அது முதுகு. மறுபக்கம் முண்டும் முடிச்சுமாகத் தட்டுப்படுவது கைகால். அடிவயிற்றில் கெட்டியாக, உருண்டையாக, அசைத்தால் ஆடுவது தலை. என் கையையும் பிடித்து வைத்துக் காட்டினார். இரண்டு பிள்ளை பெற்றவள் நான். என் வயிற்றில் எது எங்கே இருந்தது என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

முதுகு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் இதயத்துடிப்பு தெளிவாகக் கேட்கும். அதனால் கருவியை வைக்க அவர் அங்கும் இங்கும் துழாவவில்லை. நிமிடத்துக்கு 142. 110-லிருந்து 160 வரை இருந்தால் பயமில்லை.

இந்தக் கைப்பழக்கம் எங்கே வந்தது என்று கேட்டேன். காந்திகிராமத்தில் என்றார். சின்னாளபட்டி வழியாக மதுரைக்கு எத்தனையோ முறை போயிருக்கிறேன். காந்திகிராம வளாகத்துக்குள் மருத்துவச்சியைத் தேடிப் போனதில்லை. டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகள் சௌந்தரம், இளம் வயதில் கணவரை இழந்தபின் டெல்லியில் மருத்துவம் படித்தவர். ஜி. ராமச்சந்திரனோடு சேர்ந்து 1947-இல் காந்திகிராமத்தைத் தொடங்கினார். கஸ்தூர்பா மருத்துவமனை அவர் வளர்த்தது. கிராமத்துப் பெண்களையே பயிற்றுவித்துக் கிராமத்துக்கே திருப்பி அனுப்ப வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். 1964-இல் அங்கே ஊரக சுகாதார நிறுவனமும் வந்தது. என் மாமியாருக்குப் பிரசவம் பார்த்த கிழவிக்கும் இந்த நர்ஸம்மாவுக்கும் நடுவில் இருப்பது சௌந்தரம் அம்மா போட்ட பாதை என்றே எனக்குத் தோன்றியது.

பிரசவம் நடப்பது ஆரம்ப சுகாதார நிலையத்தில். அங்கேயும் போனோம். அங்கிருந்த சிஸ்டர் தன் பதிவுச் சான்றிதழைக் காட்டினார். ஆர்.என்., ஆர்.எம். பதிவுபெற்ற செவிலியர், பதிவுபெற்ற மருத்துவச்சி. 1926-ஆம் வருடச் சட்டத்தில் பிறந்த தாதியர் குழுமம் தருகிற பதிவு அது. நான் ஊரெல்லாம் தேடிய சர்டிஃபிகேட் அவர் பைக்குள் மடித்துக் கிடந்தது.

"எங்க வேலையில பாதி காத்திருக்கிறதுதான்" என்றார் சிஸ்டர். அதற்கு ஒரு தாள் இருக்கிறது, பார்டோகிராஃப். கருப்பை வாய் நான்கு சென்டிமீட்டர் திறந்ததும் கோடு தொடங்கும். துடிப்பு, வலி, தலை இறங்கும் அளவு என்று எல்லாவற்றையும் நேரம் போட்டுப் புள்ளி வைக்க வேண்டும். கோடு எச்சரிக்கைக் கோட்டைத் தாண்டினால் தாமதிக்காமல் 108-ஐக் கூப்பிட்டுத் திண்டுக்கல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பிவிட வேண்டும். தாண்டாத வரை பொறுமை. குழந்தை வந்ததும் தாய்க்கு ஆக்ஸிடோசின் ஊசி, ரத்தப்போக்கு கட்டுப்பட. கொடியை உடனே வெட்டாமல் ஒரு நிமிடமாவது விடுவது. முதல் மணி நேரத்துக்குள் தாய்ப்பால்.

தமிழ்நாட்டில் வீட்டுப் பிரசவம் அநேகமாக ஒழிந்துவிட்டது. அது எத்தனை தாய்மார்களைக் காப்பாற்றியது என்பதை மறக்கக் கூடாது. ஆனால் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் இங்கே நூற்றில் 44.9 பிரசவம் சிசேரியன். வேண்டிய இடத்தில் கத்தி உயிர் காக்கும். இத்தனை பேருக்கு வேண்டியிருக்கிறதா என்பது என் கேள்வி. பதினெட்டு மாதம் தனிப் பயிற்சி கொடுத்து மருத்துவச்சிச் செவிலியர்களை உருவாக்க மத்திய அரசு 2018-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. அந்தப் பயிற்சி இந்த சிஸ்டர் போன்றவர்களுக்குச் சீக்கிரம் கிடைக்க வேண்டும். கூடவே அவர்கள் தலையிலிருந்து பதிவேட்டுச் சுமையையும் இறக்க வேண்டும். அன்று மட்டும் எத்தனை நோட்டு, எத்தனை ஆப்! கை வயிற்றில் இருக்க வேண்டிய நேரத்தில் செல்போனில் இருந்தது.

கிளம்பும்போது சிஸ்டர் எங்கள் பெண்ணிடம் அடுத்த செவ்வாய் வரச் சொன்னார். பனிக்குடம் உடைந்தாலோ அசைவு குறைந்தாலோ செவ்வாய் வரை காத்திருக்காமல் ராத்திரியானாலும் வந்துவிட வேண்டும். பிறகு பேனாவை எடுத்தார்.

"வலி எடுத்தா உள்ள உங்கூட யாரு இருப்பாங்க? பிள்ளை பெத்தவங்களா இருக்கணும்."

அவள் அம்மா பெயரைச் சொல்வாள் என்று நினைத்தேன். "அம்மா பயந்துரும்" என்று சொல்லி என்னைக் காட்டினாள். சிஸ்டர் என் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்.