தண்ணி போன வழியில ஒரு சனிக்கிழமை!

ஒரு சின்னக் கணக்கு ஃப்ரெண்ட்ஸ். 50 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு வாய்க்கால் வெட்டணும். தண்ணி கிளம்புற இடத்துக்கும் போய்ச் சேர்ற இடத்துக்கும் உயர வித்தியாசம் வெறும் 12.6 மீட்டர். அதாவது, ஒரு கிலோமீட்டருக்கு ஒரு சாணைவிடக் கொஞ்சம் கூடுதலான சரிவு. மோட்டார் கிடையாது, லேசர் கிடையாது, கால்குலேட்டர்கூடக் கிடையாது. முடியுமா?

சிவில் இன்ஜினீயரிங் மூணாவது வருஷம் படிக்கிற நான், “சான்ஸே இல்லை”னு சொன்னேன். “முடிச்சு கிட்டத்தட்ட 2,000 வருஷமாச்சு. கார்ல ஏறு”னு சிரிச்சார் பெரியப்பா.

இடம், தெற்கு பிரான்ஸில் இருக்கிற நீம் நகரம். (வேப்பமரத்துக்கும் ஊருக்கும் சம்பந்தமில்லைங்க!) பெரியப்பாவுக்குப் பூர்வீகம் காரைக்கால். 1954-ல் அங்கே பிரெஞ்சு ஆட்சி முடிஞ்சு, 1962-ல் ஒப்பந்தம் அமலுக்கு வந்தப்போ, பிரெஞ்சுக் குடியுரிமையையே வச்சுக்கிட்ட குடும்பங்கள்ல அவங்களதும் ஒண்ணு. பெரியம்மா கல்யாணமாகி இங்கே வந்து 25 வருஷம் ஆகுது. செமஸ்டர் லீவுக்கு அம்மா, நான், தாத்தா மூணு பேரும் வந்திருந்தோம்.

தாத்தாவுக்கு வயசு 76. ஊர்ல ரெண்டு ஏக்கர் நெல் வயல். அதை வித்துட்டு அவர் இங்கேயே தங்கிடணும்ங்கிறது பெரியம்மாவோட ஆசை. “தனியா கிடந்து ஏன்ப்பா கஷ்டப்படணும்?”னு தினமும் கேட்பாங்க. தாத்தா பதிலே சொல்றதில்லை. ஆனா, தினமும் காலையில ஊருக்கு போன் போட்டு, “வாய்க்கால்ல தண்ணி வந்துடுச்சாப்பா?”னு மட்டும் விசாரிப்பார். காவிரியின் கடைமடை ஆச்சே எங்க ஊர்!

அந்தச் சனிக்கிழமை பெரியப்பா போட்ட பிளான் இதுதான். ரோமானியர்கள் நீம் நகரத்துக்குக் கொண்டுவந்த தண்ணி எந்த வழியா வந்துச்சோ, அதே வழியில நாமும் வரணும்.

முதல் ஸ்டாப்: யூஸெஸ்

நீம்ல இருந்து அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல. சனிக்கிழமை சந்தை களைகட்டியிருந்துச்சு. வளைவு வளைவா கல் மண்டபங்கள் சூழ்ந்த சதுக்கம். நடுவுல ஆலிவ், லாவெண்டர், ஆட்டுப்பால் சீஸ். தாத்தா நேரா கத்திரிக்காய் கடைக்குப் போய், ஒண்ணைக் கையில எடுத்து காம்பைப் பார்த்து, “முத்தல்”னு தமிழ்ல தீர்ப்பு சொல்லிட்டு வெச்சுட்டார். கடைக்காரம்மா என்ன புரிஞ்சுதோ, சிரிச்சுட்டு வேற கூடையைக் காட்டினாங்க!

ஊருக்குக் கீழே பள்ளத்தாக்குல இருக்கு ஊர் ஊற்று. பேரே ‘ஊர்’னுதான் காதுல விழுது! இங்கேதான் வாய்க்கால் ஆரம்பம். இங்கிருந்து நீம் நேர்கோட்டுல சுமார் 20 கிலோமீட்டர்தான். ஆனா நடுவுல குன்றுகள். அதனால குறுக்கே போகாம சுத்தி வளைச்சு, 50 கிலோமீட்டரா இழுத்திருக்காங்க. பெரும்பகுதி மண்ணுக்கு அடியிலேயே ஓடுது.

ரெண்டாவது ஸ்டாப்: வேர்

நம்ம மரத்தோட ‘வேர்’ மாதிரியேதான் உச்சரிக்கணும் இந்தக் கிராமத்தோட பேரை. கல் வெட்டுற ஊர். வீடு, மதில் எல்லாம் தேன் கலர் சுண்ணாம்புக் கல். ஊரைத் தாண்டினா மரங்களுக்கு நடுவுல ரோமானிய வாய்க்காலோட மிச்சம் நிக்குது. டிக்கெட் இல்லை, கூட்டம் இல்லை, சிள்வண்டு சத்தம் மட்டும்தான்.

வாய்க்கால் சுவர்ல உட்புறமா, தடியா ஏதோ படிஞ்சிருந்துச்சு. தாத்தா நகத்தால சுரண்டிப் பார்த்தார். போர் தண்ணி காய்ச்சுற பாத்திரத்துல வெள்ளையா படியுமே... அதே சமாச்சாரம்தான். ஊற்றுத் தண்ணியில இருந்த சுண்ணாம்பு வருஷக்கணக்கா படிஞ்சு, கல்லாவே ஆகியிருக்கு. சில இடங்கள்ல அரை மீட்டர் கனத்துக்குக் கிட்ட இருக்குமாம். ஆளுங்க இருந்தவரைக்கும் பராமரிச்சாங்க. 4-ம் நூற்றாண்டுக்குப் பிறகு கவனிப்பு குறைஞ்சு, வாய்க்காலோட மூணுல ரெண்டு பங்கு வரைக்கும் அடைஞ்சுபோச்சு. பின்னால வந்தவங்க அந்தச் சுண்ணாம்புக் கல்லையே பெயர்த்துக் கட்டடம் கட்ட எடுத்துட்டுப் போயிருக்காங்க.

பெரியப்பா இதைச் சொல்லி முடிச்சதும், “ராஜா போனதால வாய்க்கால் சாகலை. தூர் வார ஆள் இல்லாமப் போச்சு, அதான் செத்துச்சு”ன்னார் தாத்தா. யாரும் பேசலை. பெரியம்மா தண்ணி பாட்டிலைத் திறந்து அவர்கிட்ட நீட்டினாங்க.

மூணாவது ஸ்டாப்: போன் து கார்

ஒரு வளைவு திரும்பினதும் எதிர்ல நிக்குது பாருங்க... அம்மா செல்போனை எடுக்கவே மறந்துட்டாங்க!

கார்தோன் ஆத்துக்கு மேல மூணு அடுக்குப் பாலம். கீழே 6 வளைவு, நடுவுல 11, மேல 35 சின்ன வளைவு. உயரம் சுமார் 49 மீட்டர். 6 டன் வரைக்கும் எடையுள்ள கற்கள். கீழ் ரெண்டு அடுக்குலேயும் கல்லுக்கு நடுவுல சாந்தே கிடையாது. வெட்டின வெட்டுலேயே கச்சிதமா உட்கார்ந்திருக்கு. சாரம் கட்டுறதுக்காக நீட்டிவிட்ட கற்கள்கூட இன்னும் அப்படியே துருத்திக்கிட்டு நிக்குது. 2002 செப்டம்பர்ல வந்த பெருவெள்ளத்தையும் தாங்கிடுச்சு. 1985-லேயே யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்தாச்சு. கீழே பசங்க குதிச்சு நீந்துறாங்க, படகு விடுறாங்க.

இவ்வளவு பெரிய பாலம், உச்சியில ஒரு வாய்க்காலைச் சுமக்கிறதுக்காக மட்டும்தான். அந்த வாய்க்காலுக்கு இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் மொத்தச் சரிவு எவ்வளவு தெரியுமா? 2.5 சென்டிமீட்டர்! உங்க கட்டை விரல் அகலம்.

“நீ படிக்கிற படிப்புதானேடா இது... எப்படி மட்டம் பார்த்தான்?”னு கேட்டார் தாத்தா.

உண்மையைச் சொல்றேன், சிரிக்காதீங்க. சர்வே லேப்ல நான் டம்பி லெவல் வழியா பார்த்தது ரெண்டே தடவை. மீதி ரீடிங் எல்லாம் பக்கத்து பேட்ச் நோட்டைப் பார்த்து எழுதினது. சிவில் எனக்குக் கவுன்சலிங்ல கிடைச்ச மூணாவது சாய்ஸ். எப்படியும் சாஃப்ட்வேர் கம்பெனிதானேனு அலட்சியம். “ஏதோ கருவி இருந்திருக்கும் தாத்தா”னு மழுப்பினேன்.

தாத்தா விடலை. “தண்ணியை வச்சுத்தான் பார்த்திருப்பான். நடவுக்கு முன்னாடி வயல்ல தண்ணி கட்டிட்டுப் பரம்படிக்கிறோமே, ஏன்? தண்ணி நின்னா மேடு எது, பள்ளம் எதுன்னு அதுவே காட்டிடும். தண்ணி பொய் சொல்லாது.”

ராத்திரி வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். ரோமானியர்கள் மட்டம் பார்க்க ‘கோரோபேட்டஸ்’னு ஒரு மரச் சட்டம் வச்சிருந்தாங்க. சுமார் 6 மீட்டர் நீளம், ரெண்டு முனையிலேயும் தூக்குக் குண்டு. காத்தடிச்சு குண்டு ஆடினா? சட்டத்து மேல ஒரு பள்ளம் செதுக்கி, அதுல தண்ணி ஊத்திப் பார்க்கணும்னு விட்ருவியஸ் எழுதி வச்சிருக்கார். எட்டாம் கிளாஸ் வரைக்கும் படிச்ச தாத்தா, பாலத்தைப் பார்த்த அரை மணி நேரத்துல சொன்னது அதேதான். எனக்குக் காது சிவந்துபோச்சு.

கடைசி ஸ்டாப்: நீம்

சாயங்காலம் ஊருக்குள்ள ஒரு சாதாரணத் தெரு. வேலிக்குப் பின்னால வட்டமா ஒரு கல் தொட்டி. 50 கிலோமீட்டர் நடந்து வந்த தண்ணி மூச்சு வாங்கின இடம் இதுதான். சுவர்ல 10 ஓட்டை, தரையில 3. அந்தப் பத்துலேயும் ஈயக் குழாய் பொருத்தி ஊருக்குத் தண்ணி பிரிச்சிருக்காங்க. தாத்தா விரல் விட்டு எண்ணினார். “எந்த ஓட்டை எந்தத் தெருவுக்குன்னு அடிதடியே நடந்திருக்கும்!”

காவிரி நடுவர் மன்றம் 2007 தீர்ப்புல புதுச்சேரிக்கு ஒதுக்கினது 7 டி.எம்.சி. காரைக்கால் வயலுக்கு அதுதான். அது பேப்பர்ல. வாய்க்கால் தூர்ந்து கிடந்தா, வர்ற பங்கும் கடைமடைக்கு வந்து சேராது. இது எங்க வீட்டுல எல்லாருக்கும் தெரியும்.

தொட்டியைப் பார்த்துக்கிட்டே தாத்தா சொன்னார்: “ஆடி பொறக்குறதுக்குள்ள நான் ஊருக்குப் போயிடணும்மா. நம்ம வயலுக்கு வர்ற கிளை வாய்க்காலை நான் முன்னால நின்னாத்தான் பசங்க மண்வெட்டியை எடுப்பாங்க.”

பெரியம்மா கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. “உடம்பு முடியலைன்னா?”னு கேட்டாங்க. “முடியுறவரைக்கும்”னார் தாத்தா. அந்த வாரமே டிக்கெட் போட்டது பெரியம்மாதான். இப்பவும் தாத்தாவுக்கு தினமும் போன் வருது. இப்போ பெரியம்மா கேட்கிறாங்க, “தண்ணி வந்துடுச்சாப்பா?”

நீங்க அந்தப் பக்கம் போனா, பாலத்தோட செல்ஃபி எடுத்துட்டுத் திரும்பிடாதீங்க. யூஸெஸ் சந்தைக்காகச் சனிக்கிழமை கிளம்புங்க. தண்ணி போன வழியிலேயே போங்க. தொப்பியும் தண்ணி பாட்டிலும் கட்டாயம்.

நான் சாஃப்ட்வேருக்குப் போகமாட்டேன்னு சத்தியமெல்லாம் பண்ணலை. ஆனா காலேஜ் திறந்ததும் லேப் அண்ணன்கிட்ட சாவி வாங்கி, டம்பி லெவலை ஒழுங்கா நிறுத்தி, கிரவுண்டைச் சுத்தி முழுசா ரீடிங் எடுத்தேன். கிளம்பின இடத்துக்கே திரும்பி வந்து கணக்குப் பார்த்தா, 3 சென்டிமீட்டர் பிழை.

கிரவுண்டுக்கே 3 சென்டிமீட்டர். இன்னும் பழகணும்!