மிளகாய்த்தூளும் ஒரு பில்லும்

ஸ்காபரோ, ரொறன்ரோ.



பார்சலைப் பிரிக்க முன்னமே வீட்டில் எல்லோருக்கும் தும்மல். யாழ்ப்பாணம் சுன்னாகத்திலிருந்து மச்சாள் அனுப்பிய மிளகாய்த்தூள். செத்தல், மல்லி, மிளகு, பெருஞ்சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை எல்லாவற்றையும் பக்குவமாக வறுத்து அரைத்தது. இங்கேயே பிறந்து வளர்ந்த என் மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "மாமி வீட்டு மணம்" என்றாள். பார்சலின் அடியில் ஒரு தாளும் மடித்துக் கிடந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இலங்கையில் 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு அலையலையாக இங்கே வந்து சேர்ந்தவர்கள் நாங்கள். கையில் முதற்சம்பளம் வந்ததும் செய்த காரியம், ஊருக்குக் காசு அனுப்பியது. பெரும்பாலும் உண்டியலில்தான். இங்கே ஒருவரிடம் டொலரைக் கொடுத்தால், அங்கே இன்னொருவர் வீட்டுக்கே வந்து ரூபாயை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போவார். நடுவில் நிற்பது வாய்ச்சொல் ஒன்றுதான். வெளிநாட்டில் உழைப்பவர்கள் வங்கி வழியாக இலங்கைக்கு அனுப்பிய காசு 2020இல் ஏறத்தாழ 710 கோடி டொலர். 2022இல் அது 380 கோடிக்கும் கீழே போனது. டொலருக்கு இருநூற்றுச் சொச்சம் ரூபாய்தான் என்று வங்கி பிடிவாதமாக நின்ற மாதங்களில் உண்டியல்காரர் அதைவிட அதிகம் தந்தார்; காசும் அந்தப் பக்கம் திரும்பியது.

அதில் பிழை சொல்ல மாட்டேன். டொலருக்கு இரண்டு ரூபாய் கூடக் கிடைக்குமா என்று நாலு பேரிடம் விசாரிக்கிற ஆட்கள்தான் நாங்கள். ஆனால் போன காசு என்ன ஆனது என்று ஒருவரிடமும் விசாரிக்க மாட்டோம்.

நானும் அப்படித்தான். யாழ்தேவி ரயில் திரும்பவும் யாழ்ப்பாணம் வரை ஓடத் தொடங்கிய 2014இல், மச்சாள் தூள் அரைத்து விற்கட்டும் என்று ஒரு மெசினுக்குக் காசு அனுப்பினேன். இரண்டு வருடம் கழித்துப் போய்ப் பார்த்தால், கொட்டிலுக்குள் தறப்பாள் போர்த்தபடி நின்றது மெசின். மேலே கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. மூன்று ஃபேஸ் கரண்ட் வேண்டிய பெரிய மெசினை வாங்கியிருக்கிறார்கள்; வீட்டில் இருந்ததோ ஒரு ஃபேஸ். மச்சாள் பக்கத்து மில்லுக்குக் கூலி கொடுத்து அரைப்பித்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் நீர் ஒரு சொல்லும் சொல்லேல்லை?"

"காசு தந்த ஆளுக்கு எப்பிடி அத்தான் குறை சொல்லுறது?"

அவளுக்குச் சொல்ல வாய் வரவில்லை. எனக்கும் கேட்க வாய் வந்ததில்லை. கேட்டிருந்தால், "வெளிநாட்டுக்காரன் கணக்குப் பார்க்கிறான்" என்று ஊர் சொல்லியிருக்கும். கடைசியில் மெசின் பழைய இரும்பு விலைக்குப் போனது.

எங்கள் ஊர்ச்சங்கங்களின் காசும் பெரும்பாலும் கோபுரமாகவும் பள்ளிக்கூட மண்டபமாகவும்தான் எழும்புகிறது. அமெரிக்காவுக்குப் போன மெக்சிகோக்காரருக்கும் இதே மாதிரி ஊர்ச்சங்கங்கள் உண்டு. சங்கம் ஒரு பெசோ போட்டால் நடுவண் அரசும் மாநிலமும் நகரசபையும் ஆளுக்கொரு பெசோ போடும் திட்டத்தை 2002இல் அங்கே நாடு முழுக்கக் கொண்டுவந்தார்கள். அங்கும் பெரும்பங்கு வீதி, தண்ணீர், தேவாலயம் என்றுதான் போனது. தொழிலுக்குப் போனது கொஞ்சம். கோபுரத்தைக் கட்டி முடித்தால் கும்பாபிஷேகத்தோடு காரியம் முடிந்தது. தொழில் அப்படியா? ஒவ்வொரு நாளும் அதற்கு வாங்க ஆள் வேண்டும்.

போன வருடம் மச்சாளின் தூளில் இரண்டு பைக்கற்றை எனக்குத் தெரிந்த ஒரு தமிழ்க் கடைக்காரரிடம் கொண்டுபோனேன். உள்ளங்கையில் கொட்டி முகர்ந்தார்.

"தூள் திறம் அண்ணை. ஆனா லேபல் இல்லாமல் தட்டில வைக்கேலாது. ஒரு பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளாட்டி ஆர் பதில் சொல்லுறது?"

அன்றிரவு உட்கார்ந்து கனடாவின் உணவு விதிகளை வாசித்தேன். லேபல் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் இருக்க வேண்டும். சேர்மானங்களை எடை கூடியதிலிருந்து குறைந்தது வரை வரிசையாக எழுத வேண்டும். 2019இலிருந்து இறக்குமதி செய்கிறவருக்கு உரிமம் வேண்டும். எள்ளும் கடுகும் இங்கே பெயர் சொல்லியே எழுத வேண்டிய ஒவ்வாமைப் பொருட்கள். மச்சாளின் தூளில் எள்ளு இல்லை. ஆனால் அந்தப் பக்கத்து மில்லில் எள்ளும் அரைபடுகிறது.

இத்தனையையும் எழுதி அனுப்பினேன். காசு அனுப்பவில்லை. மூன்று நாள் மச்சாள் போன் எடுக்கவில்லை. கோபம்தான். நாலாம் நாள் அவளே எடுத்தாள்: "சீட்டெடுத்துச் சின்ன மெசின் ஒண்டு வாங்கிறன். எள்ளு அதுக்குக் கிட்டவும் வராது. வேறை என்ன குறை?"

முப்பது வருடத்தில் ஊரிலிருந்து யாரும் என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. ஈரம் அதிகம், பைக்கற் ஓரம் சரியாக ஒட்டவில்லை, ஒரு தரம் சிவப்பு மறுதரம் கறுப்பு என்று நானும் சொன்னேன். மகள் பிரெஞ்சு லேபலை எழுதித் தன் ரீச்சரிடம் காட்டித் திருத்தினாள். காசு அனுப்பும் பழக்கம் அவளுக்கு என்னிடமிருந்து ஒட்டவில்லை. ஆனால் அந்த லேபலில் ஒரு எழுத்துப் பிழைக்காக அன்றிரவு பதினொரு மணி வரை விழித்திருந்தாள். உரிமம் உள்ள ஒருவர் முதலில் ஐம்பது பைக்கற் எடுத்துப் பார்க்கச் சம்மதித்திருக்கிறார். ஐம்பதுதான். பெரிதாகப் பீற்ற ஒன்றுமில்லை.

இனி அந்தத் தாள். வீட்டுத் தேவைக்கு நான் கேட்டிருந்த தூளுக்கு மச்சாள் பில் எழுதியிருந்தாள்: ஐந்து கிலோ, கிலோ இவ்வளவு, தபால் செலவு இவ்வளவு. வழக்கமாக ஒவ்வொரு பார்சலிலும் சும்மா போட்டுவிடுகிற எள்ளுருண்டை இந்த முறையும் இருந்தது, வேறு பையில், நன்றாகக் கட்டி. பில்லில் அதற்கும் விலை போட்டிருந்தாள்.

ஒரு ரூபாயும் குறைக்காமல் அன்றே காசை அனுப்பினேன். வங்கியில்.

அன்புடன்,
ஸ்காபரோவிலிருந்து உங்கள் நண்பன்