குப்பைப் பறவையின் விஷம்

விலங்கியல் வகுப்பில் நான் விரும்பிச் சொல்லும் கதை, பிடோஹுய் என்ற பறவையின் கதை. ஒரே ஒரு சொல்லில்தான் எனக்கு நாக்கு தயங்கும்: 'கண்டுபிடித்தார்'.

பபுவா நியூ கினியின் காட்டுப் பறவை இது. ஏறக்குறைய மைனா அளவு. செங்கல் நிற உடல், கறுத்த தலை, கறுத்த சிறகுகள். 1989இல் சொர்க்கப் பறவைகளை ஆராயப் போன ஜாக் டம்பாக்கர் என்ற அமெரிக்க மாணவரின் வலையில் பிடோஹுய்களும் சிக்கின. விடுவிக்கும்போது அவை கையைக் கீற, காயத்தை வாயில் வைத்துச் சப்பினார். நாக்கும் உதடும் எரிந்து மரத்துப்போயின.

அமெரிக்க தேசிய சுகாதார நிலையத்தின் ஜான் டேலி இறகுகளைச் சோதித்தார். கிடைத்தது பட்ராகோடாக்ஸின் வகை விஷம். நரம்பிலும் இதயத்திலும் சோடியம் நுழையும் வாசல்களை மூடவிடாமல் செய்து உயிரைப் பறிப்பது. அதுவரை கொலம்பியாவின் அம்புத் தவளைகளில் மட்டுமே அறியப்பட்டது. 1992இல் 'சயன்ஸ்' இதழில் செய்தி வந்தபோது உலகம் வியந்தது.

உள்ளூர்க்காரர்கள் வியக்கவில்லை. அவர்களுக்கு அது 'குப்பைப் பறவை'. தோலை உரிக்காமல் தின்ன மாட்டார்கள். கலாம் இனத்தவரான இயன் சேம் மாஜ்னெப், ரால்ஃப் பல்மருடன் சேர்ந்து எழுதிய பறவை நூலில், தோல் கசக்கும், வாயைச் சுருக்கும் என்ற குறிப்பு இருக்கிறது. நூல் வெளிவந்தது 1977இல்!

"அப்படியானால் கண்டுபிடித்தது யார் சார்?" என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. கதையின் பிற்பகுதியைத்தான் பதிலாகச் சொன்னேன்.

பறவைக்கு விஷம் எங்கிருந்து வந்தது? கூண்டில் பிறந்து வளரும் அம்புத் தவளைகளுக்கு இந்த விஷம் இருப்பதில்லை. ஆகவே இரை மீது சந்தேகம். ஆனால் மழைக்காட்டில் பூச்சிகளுக்குக் கணக்கேது? வழிகாட்டியது ஹெரோவானா கிராமம். அங்கே 'நனிசானி' என்றால், பட்டால் எரிந்து மரத்துப்போகச் செய்யும் ஒரு சின்ன வண்டு. இஃப்ரிடா என்ற இன்னொரு விஷப் பறவைக்கும் அதே பெயர். வண்டுகளைச் சோதித்தார்கள், அதே விஷம். பிடோஹுயின் இரைப்பையிலும் அந்த வண்டு இருந்தது. 2004இல் வெளியான ஆய்வுக் கட்டுரையில் இரண்டாவது ஆசிரியர் அவிட் வாக்கோ, ஹெரோவானாக்காரர்.

எந்த வண்டு என்று ஊர் சொன்னது. எந்த மூலக்கூறு என்று சோதனைக்கூடம் சொன்னது. இதில் ஒன்றை அறிவு என்றும் மற்றதை நம்பிக்கை என்றும் பிரிக்க எனக்கு மனம் வரவில்லை. பபுவா நியூ கினியில் 800க்கும் மேற்பட்ட மொழிகள் உண்டு. பலவற்றைப் பேசுவோர் சில ஆயிரம் பேர்கூட இல்லை. 'நனிசானி' என்ற சொல் முன்பே அழிந்திருந்தால், விஞ்ஞானிகள் இன்னும் காட்டில் வண்டு வண்டாகப் புரட்டிக்கொண்டிருந்திருப்பார்கள்.