பின்வரிசைக் குரல்

ஆடி மழை விடாது பெய்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, நோர்வூட்டிலுள்ள எமது வீட்டில் அமர்ந்து சேர்ந்திசைப் பதிவொன்றைக் கேட்டோம். ‘மெட்ராஸ் யூத் கொயர்’ எனும் சென்னைக் குழுவினர் மேடையிற் பாடியபொழுதே எடுக்கப்பட்ட பதிவு அது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பின்னர் இந்தியா சென்றுவிட்ட உறவினர் குடும்பத்தார் கைப்பேசிக்கு அனுப்பிவைத்தார்கள்.

தொடக்கத்திற் கதிரைகள் நகரும் ஓசை, யாரோ ஒருவர் இருமுகிறார், பின்பு அமைதி. அவ்வமைதியிற் பலர் ஒருங்கே மூச்சை உள்ளிழுப்பது கேட்கிறது. ஒலிப்பதிவுக் கூடமாயின் இதனைத் துடைத்தெறிந்திருப்பார்கள். எமக்கோ பாட்டுக்கு முன்னரே அம்மூச்சு மனத்தைத் தொட்டுவிட்டது.

1970களின் தொடக்கத்தில் இக்குழுவை அமைத்தவர் எம். பி. ஸ்ரீநிவாசன். 1960இல் வெளிவந்த ‘பாதை தெரியுது பார்’ படத்துக்கு இசையமைத்தவர்; பொதுவுடைமைக் கொள்கையினர்; திரையிசைக் கலைஞருக்குச் சங்கம் காண முன்னின்றவர். 1988இல் இலட்சத்தீவிற் காலமானார். பாரதியார் பாடல்களை எல்லோரும் ஒரே மெட்டிற் பாடுவதாக அமைக்காமல், பெண் குரலில் மேலும் கீழும், ஆண் குரலில் மேலும் கீழும் எனப் பகுத்து, வெவ்வேறு சுரங்களை ஒரே வேளையில் ஒலிக்கச் செய்தார்.

இஃது எளிதான காரியமன்று. நமது சங்கீதம் ஒற்றை மெட்டின் சங்கீதம். சுரம் அசைந்து கமகமாகும்போதுதான் இராகம் உயிர்பெறுகிறது. நான்கு குரல்கள் நான்கு சுரங்களில் நிற்கையில் ஒன்று அசைந்தாலும் இசைவு கலங்கிவிடும். ஆகவே கமகத்தைக் குறைக்கவேண்டும். மிகக் குறைத்தாலோ இராகத்தின் முகமே மாறிப்போகும். பதிவில் இரண்டோரிடத்தில் இந்த இழுபறி நன்றாகவே தெரிகிறது. உடனிருந்த சங்கீத ஆசிரியர், “இது நம்முடைய இசைதானா?” என்று முகஞ்சுளித்தார். எமக்கு அவ்விடங்களே பிடித்திருந்தன.

ஜேர்மனியரான ஸ்டொக்ஹவுசன் 1968இல் ஆறு குரல்களுக்கென ‘ஸ்டிமுங்’ என்றொரு படைப்பை எழுதினார். ஒரு மணி நேரமளவுக்கு, தாழ்ந்ததோர் ஆதாரச் சுரத்திலிருந்து பிறக்கும் மேற்சுரங்களே அதன் இசை. தம்பூராவை அறிந்த நமக்கு இது முற்றும் புதிதன்று. செம்மையாகச் சுருதி கூட்டிய தம்பூராவின் மந்தர சட்ஜத் தந்தியை மீட்டினால், எவரும் மீட்டாத காந்தாரம் தானே எழுவதைக் கேட்கலாம். கீழ்ச்சுரம் உறுதியாக நின்றாலன்றி அது பிறவாது.

கீழ்ச்சுரம் என்றதும் எமக்கு ஒரு பையனின் நினைவு வந்து உறுத்துகிறது. சில ஆண்டுகளுக்கு முன் பரிசளிப்பு விழாவுக்குக் குழுப்பாடல் பழக்கினோம். தோட்டத்து லயத்திலிருந்து வரும் பதினைந்து வயதுப் பையன். குரல் உடைந்து கரகரத்திருந்தது. பெண்பிள்ளைகளின் சுருதிக்கு அவனால் எட்ட முடியவில்லை. “தம்பி, பின்வரிசையில் நில், சத்தம் போடாமல் வாயை மட்டும் அசை” என்றோம். “சரி சேர்” என்றான். விழாவன்று அவ்வாறே வாயசைத்தான். காமன் கூத்து இரவுகளில் தப்புக்கு ஈடுகொடுத்துப் பாடுபவன் அவனே என்பது பிற்பாடுதான் தெரியவந்தது. சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுக் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டான். சுருதியைச் சற்றே இறக்கியிருக்கலாம் என்பது அன்று எமக்குத் தோன்றவில்லை. படித்தவர் என்று பெயர் வேறு!

இவ்வாண்டு தமிழ்மொழித் தினத்துக்குப் பாடல் பழக்குகிறோம். குரல் உடைந்த நால்வரை நடுவில் நிறுத்தி, ஆதார சட்ஜத்தை மாத்திரம் பிடிக்கச் சொன்னோம். முதல்நாள் இருவர் சிரித்துவிட்டனர். ஒருவன் மூன்றாம் அடியில் மெட்டோடு ஓடிப்போனான். எல்லோரும் ஒரே இடத்தில் மூச்செடுக்காமல், ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் தாங்கவேண்டும் என்பதைப் பழக்க மூன்று நாட்கள் ஆயின. நான்காம் நாள் கைப்பேசியிற் பதிந்தோம். தகரக் கூரையில் விழும் மழைதான் அதிற் பாதி. ஆயினும் இரண்டாம் அடியின் முடிவில், மற்றைய பிள்ளைகள் மூச்சிழுக்கும் அந்தக் கணத்தில், நால்வரின் சட்ஜம் மட்டும் அறுபடாமல் நிற்கிறது.

அப்பையனின் தொலைபேசி இலக்கத்தை அவன் தாயாரிடம் கேட்டிருக்கிறோம். கொழுந்து நிறுத்துவிட்டு வந்து தருவதாகச் சொன்னார்.