கணக்கில் வராத கண்ணீர்

கணக்கெழுதுவது எங்கள் தூத்துக்குடிக் கரைக்குப் புதிதன்று. முத்துக்குளிப்புக்கு நாள் குறிக்குமுன் அதிகாரிகள் பார்களைச் சோதிப்பார்கள். மாதிரிக்குச் சிப்பிகளை எடுத்து எண்ணி, முத்துகளை மதிப்பிட்டு, எந்தப் பார் எந்த ஆண்டு விளைந்தது என்று ஏட்டில் பதிவார்கள். 1961-இல் குளிப்பு நின்றுபோயிற்று; ஏடுகள் நிலைத்தன. ஆலயங்களிலோ, 1563-இல் திரிதெந்தின் சங்கம் விதித்தபடி, திருமுழுக்குக்கும் திருமணத்துக்கும் பதிவேடுகள் உண்டு.

இவற்றுள் எதிலும் இடம்பெறாத ஒரு குழந்தையை நான் அறிவேன். என் பெரியம்மாவுக்கு ஏழாம் மாதத்தில் பன்னீர்க்குடம் உடைந்தது. வலியில்லை, நீர் மட்டும் கசிந்தது. படுத்திருந்தால் நின்றுவிடும் என்றார்கள். மூன்றாம் நாள் காய்ச்சல் கண்டது; குழந்தை உயிரின்றிப் பிறந்தது. திருமுழுக்குப் பெறாத அதற்கு ஏட்டில் ஒரு வரியும் இல்லை. தண்ணீர்க்குடம் தூக்கியதே காரணமென்று பெரியம்மா சாகும்வரை தம்மையே நொந்துகொண்டார்.

முப்பத்தேழு வாரம் நிறையுமுன், வலி தொடங்காமலே பனிக்குடம் உடைவது நூறு கர்ப்பங்களில் ஏறக்குறைய மூன்றில் நேர்கிறது. காத்திருந்தால் தொற்று, உடனே பிரசவமானால் முதிராத குழந்தை. இந்த இக்கட்டில் வழிகாட்ட ஒரு மருத்துவரின் அனுபவம் மட்டும் போதாது. ஆரக்கிள் என்னும் பன்னாட்டு ஆய்வு 4,800-க்கு மேற்பட்ட தாய்மாரைக் கணக்கில் கொண்டது. எரித்ரோமைசின் ஓரளவு நன்மை தருகிறது என்றும், அமாக்சிசிலினும் கிளாவுலானிக் அமிலமும் சேர்ந்த மருந்து பச்சிளங்குழந்தைகளுக்குக் கொடிய குடல்நோயை மிகுவிக்கிறது என்றும் 2001-இல் அது காட்டிற்று. நல்லெண்ணத்தோடு கொடுத்த மருந்தின் தீமையும் எண்ணிப் பார்த்த பிறகே புலப்பட்டது!

தமிழ்நாட்டில் இன்று கர்ப்பிணிகளுக்குப் பிக்மி பதிவெண் தரப்படுகிறது; 2017 முதல் பிறப்புச் சான்றிதழுக்கும் அது தேவை. அது தாய்மார் அனைவருக்குமான பொதுப் பதிவு. பனிக்குடம் முன்னரே உடைந்தவர்களுக்கெனத் தனிப் பதிவேடு இருப்பின், எத்தனையாம் வாரம், எத்தனை மணி நேரம், என்ன சிகிச்சை, தாயும் சேயும் என்னவாயினர் என்பவை ஆண்டாண்டாகத் திரளும். ஆய்வாளர் கைக்குப் பெயர் போகவேண்டியதில்லை, விவரம் போதும்.

பதிவு, பெண்ணின் வாய்ச்சொல்லில் தொடங்குகிறது. நீர் கசிந்ததைச் சொல்ல நாணுகிற மருமகளை அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் மாமியார், ஓர் உயிரைக் காப்பதோடு ஏட்டின் ஒரு வரியையும் எழுதுகிறார். அந்த வரி, முகமறியாத இன்னொரு தாய்க்கு வழிகாட்டும். 'நீ குடம் தூக்கியதால் அன்று, மகளே' என்று அவளுக்குச் சொல்லவும் கூடும்.