மட்டாஞ்சேரியில் ஒரு பிடி சோறு

கொச்சியின் மட்டாஞ்சேரிக்கு வருவோர், 1568-ல் எழுந்த யூதர் ஆலயத்தையும், போர்த்துக்கீசியர் கட்டிக் கொச்சி அரசர்க்கு அளித்த அரண்மனையையும் கண்டு திரும்புதல் வழக்கம். பண்டகசாலைகள் நிறைந்த கடைவீதியில் சுக்கும் மிளகும் மணக்கும். ஆயின், இவ்வூருக்குப் பசியின் வரலாறு ஒன்றும் உண்டு. அதனை அன்பர்களுக்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

முற்காலத்தில் துறைமுக வேலைக்கு ஆள் எடுப்போர், ‘சாப்பா’ எனும் உலோக வில்லைகளைத் தொழிலாளர் கூட்டத்தினிடையே வீசி எறிவர். முட்டி மோதிப் பொறுக்கியவன் வீட்டில் அன்று உலை கொதிக்கும். கிட்டாதவன் வெறுங்கையோடு திரும்புவான். இம்முறையை எதிர்த்து எழுந்த போராட்டத்தில், 1953 செப்டம்பர் 15-ஆம் நாள் மட்டாஞ்சேரியில் காவலர் துப்பாக்கியால் சுட்டனர், தொழிலாளர் உயிரிழந்தனர். அவர்கள் கேட்டது கூலி மட்டுமன்று; மானமும் ஆகும்.

நிற்க. 2020 மார்ச்சு இறுதியில் நாடெங்கும் ஊரடங்கு வந்தது. பயணிகள் வண்டிகள் நின்றன. சீட்டு வழங்கும் நமக்கும் வேலையில்லை. கேரளமெங்கும் உள்ளாட்சி மன்றங்களும் குடும்பஸ்ரீ மகளிரும் சேர்ந்து சமூகச் சமையற்கூடங்களைத் திறந்தனர். நம் வீட்டருகே இயங்கிய ஒன்றில் காய் நறுக்கவும் பொட்டலம் கட்டவும் சென்றோம். சந்தைக்கு வரும் காய்கறியிற் பெரும்பகுதி தமிழ்நாட்டிலிருந்து மலை தாண்டி வருவது. லாரி தாமதித்தால் சாம்பார் நீர்த்துவிடும். அவ்வேளையில் கைகொடுத்தவை அக்கம்பக்கத்தார் மாடியில் பைகளிலே மண் நிரப்பி வளர்த்த வெண்டையும் பயறும், கொல்லைப் பப்பாளிக்காயுமே.

ஃபோர்ட் கொச்சியில் தமிழ் வண்ணார் குடும்பங்கள் பல தலைமுறையாக வாழ்கின்றன. டச்சுக்காரர் காலத்தில் படையினர் உடுப்பை வெளுக்க அழைத்து வரப்பட்டோரின் வழியினர் அவர்கள். அவர்களுள் ஒருவரிடம் பொட்டலத்தை நீட்டினோம். “வேண்டாம் தம்பி, கை கால் நல்லா இருக்கையில் சும்மா வாங்கித் தின்ன மனசு வரலே” என்றார். வீட்டில் பிள்ளைகள் இருந்தனர்; அடுப்பு எரியவில்லை. நாம் வற்புறுத்தவில்லை. “அண்ணே, உங்க வாசல் முருங்கையிலே நாளைக்குக் கீரை பறிச்சுத் தருவீங்களா? கூட்டுக்கு வேணும்” என்றோம். அவர் முகம் தெளிந்தது, பொட்டலங்களை வாங்கிக்கொண்டார். மறுநாள் விடியலில் இரு கட்டுக் கீரையோடு வந்து, பாத்திரமும் கழுவிக் கொடுத்துச் சென்றார்.

கொடுப்பவன் கை உயர்ந்தும் வாங்குபவன் கை தாழ்ந்தும் நின்றால், அதுவும் ஒருவகைச் சாப்பாவே. வாங்குபவனும் ஏதேனும் கொடுக்க இடமளித்தால்தான் அது விருந்தாகும். கொச்சி மாநகராட்சி 2021 அக்டோபரில் எறணாகுளம் வடக்கு நிலையத்தருகே ‘சம்ருத்தி’ உணவகத்தைத் திறந்தபோது, மதிய உணவுக்கு 10 ரூபாய் விலை வைத்தது. விலை சிறிதாயினும், அதனைக் கொடுத்தவன் தலைநிமிர்ந்து உண்கிறான். வடலூரில் வள்ளலார் 1867-ல் மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையாதிருப்பதும் பலர் கொண்டுவந்து சேர்க்கும் அரிசியாலன்றோ?

பிழைப்பைத் தேடி அயலூர் வந்த நமக்குப் பசியும் தெரியும், மானமும் தெரியும். ஆதலின் நம் சங்கத்துக் குடும்பங்கள் மாடியில் இரண்டு பை மண்ணாவது வைத்துக் கீரை விதைப்பார்களாக. அக்கம்பக்கத்தில் அடுப்பு எரியாத நாளில், அக்கீரையோடு சென்று கதவைத் தட்டுதல் எளிது.